கைப்பேசிக்குள் ஒரு கல்கத்தா ஆய்வறை

மாலை நேரத்தில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களில் கைப்பேசி இல்லாதவர் எவருமிலர் என்றே சொல்லிவிடலாம். படம் எடுப்பவர், பாட்டுக் கேட்பவர், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுபவர் என அனைவர் கையிலும் அந்தச் சிறு கருவி இருக்கிறது. அதன் விலை நமக்குத் தெரியும். தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியும். கேமராவின் திறனும் தெரியும். அதன் உள்ளுறுப்புகள் எவருடைய உழைப்பிலிருந்து பிறந்தவை என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு கருவிகள் ஒன்றாகப் பிணைந்திருப்பது புலப்படும். திரை, செயலி, நினைவகம், கேமரா ஆகியவை ஒரு கணினியின் உறுப்புகள். அவற்றை ஒதுக்கிவிட்டால் எஞ்சியிருப்பது ஒரு வானொலி. அலையை அனுப்பவும் பெறவும் ஆன்டெனா, வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி, நலிந்து வரும் அலைக்கு வலுவூட்டும் பெருக்கி, அலையில் பொதிந்துள்ள செய்தியைப் பிரித்தெடுக்கும் குறைக்கடத்திச் சுற்றுகள் ஆகியவை இந்த வானொலியின் உறுப்புகள். இவை இல்லையெனில் கைப்பேசி பேசாது.

இந்த வானொலிப் பகுதியின் மூலவடிவங்கள் சிலவற்றை, குறிப்பாக மில்லிமீட்டர் அளவிலான மிகக் குறுகிய அலைகளைக் கையாளும் உறுப்புகளை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் ஒரு கல்லூரி அறையில் உருவாக்கியவர் ஜகதீச சந்திர போஸ். தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே பள்ளிப் பாடங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்தன. அதற்கு முந்தைய அவரது ஆறேழு ஆண்டு உழைப்பு, இன்று நம் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் மாவட்ட அளவிலான அதிகாரி. பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். தம் நிலையிலிருந்த பிறர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியபோது, அவர் தம் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் போஸின் ஒருபுறம் தந்தையின் இஸ்லாமியப் பணியாளருடைய மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகளே இயற்கையின்பால் தமக்கு ஈடுபாட்டை உண்டாக்கின என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

பின்னர் கல்கத்தாவின் ஹேர் பள்ளியிலும் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தார். அங்கு ஏசு சபைத் துறவியும் இயற்பியல் ஆசிரியருமான லாஃபோன், செய்முறைச் சோதனைகளின் வழியே அறிவியலைக் கற்பித்தார். 1880ஆம் ஆண்டு போஸ் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவு அப்படிப்பைத் தொடர விடவில்லை. கேம்பிரிட்ஜின் கிறிஸ்து கல்லூரிக்கு மாறி இயற்கை அறிவியல் பயின்றார். லார்டு ராலே அங்கு அவருடைய ஆசிரியர்.

1885ஆம் ஆண்டு அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். அந்நியமனத்துக்குப் பின்னால் ஒரு பொருளியல் பேராசிரியர் இருந்தார் என்பது என் போன்றோருக்கு மகிழ்வளிக்கும் செய்தி. கேம்பிரிட்ஜில் அரசியல் பொருளாதாரம் கற்பித்தவரும், பார்வை இழந்த நிலையிலும் பிரிட்டனின் அஞ்சல்துறைத் தலைவராக உயர்ந்தவருமான ஹென்றி ஃபாசெட், போஸுக்காக வைஸ்ராய் ரிப்பனுக்கு ஓர் அறிமுகக் கடிதம் தந்திருந்தார். இந்தியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் தகுதி கிடையாது என்று கருதிய கல்வித்துறை அதிகாரிகள் வேண்டாவெறுப்பாகவே அவருக்கு இடமளித்தனர்.

அன்றைய வழக்கப்படி ஓர் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி, அதாவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தர முடியும் என்றனர். போஸ் பணியை விடவில்லை, ஊதியத்தை வாங்கவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாமல் கற்பித்துக்கொண்டே, குறைந்த ஊதியத்தைப் பெற மறுத்தார். இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. அவரது நியமனம் நிலைப்படுத்தப்பட்டு, மூன்றாண்டுகளுக்குமான முழு ஊதியமும் வழங்கப்பட்டது. பொது நன்மைக்கெனத் தொடங்கிய முயற்சிகளில் நொடித்துப்போயிருந்த தந்தையின் கடனை அடைக்க அத்தொகை உதவியது.

அந்த வறுமைக்கு நடுவில், 1887ஆம் ஆண்டு, அவர் அபலா தாஸை மணந்தார். அபலாவுக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெண்களுக்கு மருத்துவக் கல்வி எளிதில் வாய்க்காத அக்காலத்தில், வங்க அரசின் உதவித்தொகை பெற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னாளில் வங்கத்தில் பெண் கல்விக்கும் கைம்பெண்களின் மறுவாழ்வுக்கும் பெரும்பணி ஆற்றினார்.

கல்கத்தாவில் வீட்டு வாடகை கட்டுபடியாகாமல் இத்தம்பதியர் சில காலம் சந்திரநாகூரில் குடியிருந்தனர். அப்போது அது புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சிந்தியாவின் ஒரு பகுதி. நாள்தோறும் ஹூக்ளி ஆற்றைப் படகில் கடந்து, எதிர்க்கரையில் ரயிலேறிக் கல்லூரிக்குச் சென்று வந்தார் போஸ்.

வாரந்தோறும் பல மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டிய ஓர் ஆசிரியருக்கு ஆய்வு செய்ய நேரமும் இடமும் பணமும் எங்கிருந்து வரும்? கல்லூரியில் ஆய்வகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தம் 36ஆம் வயதில், 1894ஆம் ஆண்டு, கல்லூரியின் ஒரு சிறிய அறையில் அவர் ஆய்வைத் தொடங்கினார். செலவு தம் ஊதியத்திலிருந்து; துணைக்குத் தகர வேலை தெரிந்த ஒரு தொழிலாளி. அவ்வளவுதான் மூலதனம்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1880களின் இறுதியில், ஜெர்மனியின் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் உண்மையில் இருக்கின்றன என்பதைச் சோதனையால் மெய்ப்பித்திருந்தார். ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. அவற்றை ஒளியைப்போல வளைத்தும் சிதறடித்தும் பார்க்க மிகப் பெரிய கண்ணாடிகளும் பட்டகங்களும் தேவைப்பட்டன. அலையின் நீளத்தைக் குறைத்தால் கருவியின் அளவும் குறையும் என்பதை உணர்ந்த போஸ், 5 மில்லிமீட்டர் வரை நீளம் குறைந்த அலைகளை உண்டாக்கினார். இன்றைய கணக்கில் அது நொடிக்கு 6,000 கோடி அதிர்வுகள், அதாவது 60 கிகாஹெர்ட்ஸ்.

இது வெறும் அளவு மாற்றமன்று; வடிவமைப்பின் அடிப்படை விதி. ஆன்டெனாவின் நீளம் பொதுவாக அலைநீளத்தின் பாதியையோ காற்பங்கையோ ஒட்டி அமையும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். அதற்குக் காற்பங்கு ஆன்டெனா எட்டு சென்டிமீட்டரைத் தாண்டும். தொடக்க காலக் கைப்பேசிகளின் தலையில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்ததன் காரணம் இதுவே. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு ஐந்தாம் தலைமுறைச் சேவைக்காக ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளமோ 11.5 மில்லிமீட்டர்தான். அதற்கு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஆன்டெனா போதும். பல ஆன்டெனாக்களை வரிசையாகக் கைப்பேசியின் விளிம்பில் பொதிந்துவிடலாம். இந்த 26 கிகாஹெர்ட்ஸ், போஸ் தம் அறையில் ஆராய்ந்த அலைகளின் எல்லைக்குள் அடங்குவது.

அவர் செய்த கருவிகளைப் பட்டியலிட்டால் வியப்பு மிகும். பிறந்த அலை சிதறிப் போகாமல் நேராகச் செல்ல, உள்ளீடற்ற உலோகக் குழாயைப் பயன்படுத்தினார். இன்று அது அலைவழிகாட்டி எனப்படுகிறது. வரும் அலையைத் திரட்டிக் குவிக்க உலோகப் புனல் ஒன்றைப் பொருத்தினார். இன்று அதன் பெயர் கொம்பு ஆன்டெனா. அலையைக் குவிக்கக் கந்தகத்தால் வில்லை செய்தார். அலையின் அதிர்வுத் தளத்தைத் தேர்ந்தெடுக்க, ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே உலோகத் தாள்களைச் செருகிப் பயன்படுத்தினார். அந்தத் தளத்தைத் திருப்பிக் காட்டுவதற்கு முறுக்கிய சணல் கட்டு! வங்கத்தில் மலிவாகக் கிடைத்தது எதுவோ அது அவருக்குக் கருவியாயிற்று.

அலையை அனுப்பும் மின்சுருள், மின்கலம், விசை ஆகியவற்றை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். குழாய் வழியாகவன்றி வேறு எவ்வழியிலும் அலை கசிந்து, அருகிலுள்ள வாங்கியைக் குழப்பக் கூடாது என்பதே நோக்கம். கைப்பேசியின் சுற்றுப்பலகையில் ஒவ்வொரு வானொலிச் சில்லின் மீதும் மெல்லிய உலோக மூடி ஒன்று இருப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவர். அதன் வேலையும் இதுவே. மேசைமீது அடங்கும் அளவிலிருந்த தம் கருவித் தொகுதியை அவர் கப்பலில் எடுத்துச் சென்று, 1897ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்.

அதற்கு முன்பே கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்களுக்கும் அவர் ஒரு செயல்விளக்கம் அளித்திருந்தார். கம்பி ஏதுமின்றி, இடையே மூடிய அறைகள் இருந்தும், தொலைவிலிருந்த மணி ஒலித்தது. சிறிதளவு வெடிமருந்து வெடித்தது. அதைக் கண்டவர்களுக்கு அது மாயவித்தை போலத் தோன்றியிருக்கும்.

போஸின் பணியில் தலையாயது, அலையை உணரும் உறுப்பு. பிரான்ஸின் எதுவார் பிரான்லி 1890ஆம் ஆண்டு, உலோகத் துகள்கள் நிரம்பிய கண்ணாடிக் குழாய் மின்னலைபட்டதும் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதைக் கண்டறிந்தார். ஆனால் ஒருமுறை உணர்ந்ததும் அது செயலிழந்துவிடும். மீண்டும் இயங்க அதைத் தட்டிக் குலுக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் மிகுந்த வங்கத்துக்கு அத்துகள்கள் ஒத்துவரவுமில்லை. போஸ் துகள்களுக்குப் பதிலாகச் சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக வைத்து, அவற்றின் அழுத்தத்தைத் திருகால் சீராக்கினார். பின்னர், தட்டாமலே தானாக மீளும் இரும்பு-பாதரச உணர்வி ஒன்றை உருவாக்கி, 1899ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியில் அதை விவரித்தார்.

1901ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவந்த சமிக்ஞையைக் கேட்டது ஒரு பாதரச உணர்வியின் துணையோடுதான். இத்தாலியக் கடற்படையின் வழியாக அவரை அடைந்த அந்தக் கருவியின் மூலம் போஸின் கட்டுரையே என்று பிற்காலத்தில் பொறியியல் ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். மார்க்கோனிக்கு இயற்பியல் நோபல் பரிசு 1909ஆம் ஆண்டு, ஜெர்மானியரான ஃபெர்டினான்ட் பிரௌனுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

போஸ் அதற்கும் ஒரு படி மேலே சென்றார். கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தில் ஒரு முனையைத் தொட வைத்து, அலையை உணரும் கருவியாக்கினார். சில உலோகத் தாதுக்களில் மின்சாரம் ஒருதிசையில் எளிதாகப் பாய்வதை பிரௌன் 1874ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அந்தப் பண்பை வானலையை உணரும் உறுப்பாக வடிவமைத்தது போஸின் தனிச்சிறப்பு. அதுவே குறைக்கடத்திக் கருவிக்கென அளிக்கப்பட்ட முதல் காப்புரிமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று விண்ணப்பிக்கப்பட்டு, 1904ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று வழங்கப்பட்ட அந்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 755840.

அந்தக் காப்புரிமையை போஸ் விரும்பிப் பெறவில்லை. விவேகானந்தரின் அயர்லாந்துச் சீடரான நிவேதிதையும், அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால் அவர் இசைந்தார். உரிமையில் பாதி சாரா புல்லின் பெயரில் எழுதப்பட்டது. போஸோ அதை வைத்து ஒரு காசும் ஈட்ட முனையவில்லை; அது பயன்படுத்தப்படாமலேயே காலாவதியாயிற்று. லண்டனில் தந்திக் கருவி வணிகர் ஒருவர் தம்மை நாடி வந்து, கருவியின் விவரங்களை வெளியிட வேண்டாம், காப்புரிமை பெற்று லாபத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்று மன்றாடியதையும், அந்தப் பண ஆசையைக் கண்டு தாம் அருவருப்புற்றதையும் அவர் தம் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார்.

நிவேதிதையின் பெயர் புதுச்சேரிக்கு அந்நியமானதன்று. இந்நகரில் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியார் குருவாக ஏற்றுத் தம் நூல்களைக் காணிக்கையாக்கியது அவருக்குத்தான். 1910ஆம் ஆண்டு அரவிந்தர் கல்கத்தாவை நீங்கிப் புதுச்சேரி நோக்கி வந்தபோது, அவருடைய கர்மயோகின் இதழைக் காத்து நடத்தியவரும் அவரே. அதே நிவேதிதைதான் போஸின் நூல்களைச் செப்பனிட்டும், மேலைநாட்டு அறிஞர்களின் புறக்கணிப்பால் அவர் சோர்ந்தபோதெல்லாம் ஊக்கமூட்டியும் துணை நின்றார். 1911ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் போஸ் தம்பதியரின் அரவணைப்பில் அவர் உயிர் நீத்தார்.

1900ஆம் ஆண்டு பாரீஸில் நடந்த உலக இயற்பியல் மாநாட்டுக்குப் பிறகு போஸின் கவனம் வானலையிலிருந்து உயிர்களின் பக்கம் திரும்பியது. உலோக உணர்விகள் தொடர்ந்து இயங்கினால் களைப்படைவதும், ஓய்வுக்குப்பின் மீள்வதும் உயிருள்ள தசையைப்போல இருப்பதை அவர் கவனித்தார். அந்த ஐயமே அவரைத் தாவரங்களிடம் அழைத்துச் சென்றது. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். 1917ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளான நவம்பர் 30 அன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். அதன் முகப்பில் விளக்கேந்திய பெண்ணின் உருவம் நிவேதிதையின் நினைவாகச் செதுக்கப்பட்டுள்ளது. 1920ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார்.

அவர் கைவிட்ட குறுகிய அலைகளை உலகமும் நெடுங்காலம் மறந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. மார்க்கோனிக்கு வேண்டியது தொலைவு. நீண்ட அலைகளே தொலைவு செல்லும். மில்லிமீட்டர் அலைகளோ சுவரிலும் மழையிலும் வலுவிழப்பவை. ஆனால் ஏராளமான தகவலைச் சுமக்கும் இடம் அவற்றில்தான் இருக்கிறது. இடநெருக்கடி மிகுந்த இக்காலத்தில் பொறியாளர்கள் அந்த அலைகளிடம் திரும்பி வந்துள்ளனர். 2012ஆம் ஆண்டு ஐ.இ.இ.இ. என்னும் பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பு, போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. போஸ் தம் காலத்துக்கு அறுபது ஆண்டுகளேனும் முன்னால் இருந்தார் என்பது, குறைக்கடத்தி இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற நெவில் மாட்டின் மதிப்பீடு.

போஸ் காப்புரிமையைப் பயன்படுத்தாதது சரியா என்ற கேள்வி இங்கு எழுகிறது. அறிவு ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறைந்துபோகும் பொருளன்று. அதற்கு வேலி கட்டாதவரைச் சமுதாயம் முழுவதும் பயன்பெறும். அந்த வகையில் போஸின் பெருந்தன்மை பொருளியலுக்கும் முரணானதன்று. ஆயினும் வேலியில்லாத தோட்டத்தின் கனியைப் பறிக்க ஏணி உள்ளவருக்கே முடியும். மார்க்கோனியிடம் 1897ஆம் ஆண்டிலேயே ஒரு நிறுவனம் இருந்தது. முதலீட்டாளர்களும் வழக்குரைஞர்களும் இருந்தனர். போஸின் கல்கத்தாவில் அந்தப் படிகத்தைப் பண்டமாக்கும் ஒரு தொழிற்சாலையும் இல்லை. அடிமை நாட்டில் காப்புரிமையைத் தீவிரமாகப் பேணியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் விளைந்திருக்காது. குறை அந்தத் தனிமனிதரிடம் இல்லை. அவரைச் சுற்றியிருந்த வெறுமையில் இருந்தது.

அந்த வெறுமையை நாம் முழுவதும் நிரப்பிவிட்டோமா? திருப்பெரும்புதூரில் கைப்பேசிகள் ஏராளமாகப் பூட்டப்படுகின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாக இளம்பெண்கள், அதனால் வாழ்வு பெறுகின்றனர். அது போற்றத்தக்கதே. ஆனால் அக்கருவியின் விலையில் பெரும்பங்கு, சில்லை வடிவமைத்தவருக்கும் தொழில்நுட்பக் காப்புரிமை வைத்திருப்பவருக்கும் செல்கிறது; பூட்டுபவருக்கு எஞ்சுவது சிறுபங்கு. அங்கேயே நோக்கியா ஆலை 2006ஆம் ஆண்டு பெரும் நம்பிக்கையுடன் தொடங்கி, 2014ஆம் ஆண்டு மூடப்பட்டதையும் நாம் கண்டோம். வடிவமைப்பு நம் கையில் இல்லாத தொழில், வந்த வேகத்திலேயே போகவும் கூடும். 2021ஆம் ஆண்டு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட குறைக்கடத்தித் திட்டம் நல்ல தொடக்கம். எனினும் ஆலைகளுக்குத் தரும் மானியம் மட்டுமே ஆராய்ச்சி மனத்தை உருவாக்கிவிடாது.

போஸின் வாழ்விலிருந்து கற்க வேண்டியது இங்குதான் இருக்கிறது. அவர் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானியாக இருந்து அந்தக் கருவிகளைச் செய்யவில்லை; வகுப்பெடுத்துக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியராக இருந்தே செய்தார். இன்று நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பலர், நிலையான ஆசிரியருக்கு இணையாகப் பாடம் நடத்தி, அவர் பெறுவதில் ஒரு சிறு பகுதியைத் தொகுப்பூதியமாகப் பெறுகின்றனர். ஆங்கிலேயர் நிறத்தைக் காட்டிச் செய்ததை நாம் நிதிநிலையைக் காட்டிச் செய்கிறோம். மூன்றாண்டுகள் ஊதியமின்றித் தாக்குப்பிடிக்க எல்லோராலும் இயலாது. எத்தனை போஸ்கள் இடையிலேயே வேறு வேலை தேடிச் சென்றனர் என்பதற்குக் கணக்கு ஏதும் கிடையாது.

கல்லூரி ஆசிரியருக்கு நிலையான பணி, ஆராய நேரம், ஒரு சிறிய அறை, கையால் வேலை செய்யத் தெரிந்த ஓர் உதவியாளர், கண்டுபிடிப்பைப் பண்டமாக்க முன்வரும் ஒரு தொழில்முனைவர் ஆகிய இவையே தேவை. முதல் நான்கை போஸ் போராடிப் பெற்றார்; ஐந்தாவது அவருக்குக் கிடைக்கவேயில்லை. இந்த ஐந்தையும் நம் கல்லூரிகளுக்கு அளிப்பது சுதந்திர நாட்டின் அரசுகளுக்கு இயலாத செயலன்று.